தண்ணீர்ப் பஞ்சம்: மழை பொய்ப்பதாலா, எடுப்பு மிஞ்சுவதாலா?

#1 · கீழமாசிவீதி

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்க வேண்டும் என்றால் வைகை அணையைத் திறந்துவிட்டால்தான் ஆகிறது. ஏன் என்று கேட்டால் "மழை இல்லப்பா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. மதுரைக்கு ஆண்டுச் சராசரி மழை 850 மி.மீ. அளவில் இருக்கிறது. லண்டனில் பெய்வது 600 மி.மீ. சொச்சம்தான். அங்கே லாரிக்குப் பின்னால் யாரும் குடத்தோடு ஓடுவதில்லை. உலகம் முழுக்க நன்னீர் தட்டுப்படுவதற்கு உண்மையான காரணங்கள் என்ன? பாசனம், போர்வெல், கண்மாய் வேலை தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எண்களோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

#2 · வைகைக்கரை

லண்டன் ஒப்பீட்டில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. அங்கே மழை பன்னிரண்டு மாதமும் தூறும், வெயிலும் குறைவு. நமக்கு ஆண்டு மழை மொத்தமும் ஏறக்குறைய ஐம்பது நாளுக்குள் கொட்டி முடிந்துவிடும். பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். திறந்து கிடக்கும் தண்ணீரில் ஆண்டுக்கு 1,500 மி.மீ.க்கு மேல் ஆவியாகப் போகிறது. வானம் தருவதைவிட வெயில் கேட்பது அதிகம். ஆகவே இங்கே முதல் கேள்வி எவ்வளவு பெய்தது என்பதல்ல, பெய்ததை எங்கே நிறுத்தினோம் என்பதுதான்.

உலகக் கணக்குக்கு வருவோம். பூமியில் உள்ள தண்ணீரில் நன்னீர் 2.5 சதவீதம். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனியாக உறைந்து கிடக்கிறது. ஏறக்குறைய 30 சதவீதம் நிலத்தடியில். ஆறு, ஏரி எல்லாம் சேர்த்தாலும் நன்னீரில் அரை சதவீதம் வராது. இதை வைத்து "தண்ணீர் தீர்ந்துபோகிறது" என்பது தவறு. தண்ணீர் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. ஓர் இடத்தில், ஒரு பருவத்தில், குடிக்கும் தரத்தில் கைக்கு எட்டுகிற பங்குதான் தீர்கிறது. மனிதர் எடுக்கும் நன்னீரில் ஏறத்தாழ 70 சதவீதம் பாசனத்துக்குப் போகிறது. தொழிற்சாலைகளுக்கும் மின்நிலையங்களுக்கும் 20 சதவீதம் அளவு. வீடுகளுக்கு மிச்சம்தான்.

ஆள் கணக்கு: தலைக்கு ஆண்டுக்கு 1,700 கன மீட்டருக்குக் கீழே போனால் நெருக்கடி, 1,000க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்பது பொதுவான அளவுகோல். இந்தியாவுக்கு 1951இல் 5,177 இருந்தது, 2011இல் 1,545 ஆனது. மழை மூன்றில் ஒரு பங்காகிவிடவில்லை. தலைகள் கூடின.

காரணங்களைப் புரிந்துகொள்ள இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும் என்பேன்.

ஒன்று மத்திய ஆசியாவில் உள்ள ஏரல் கடல். 1960 வாக்கில் 68,000 சதுர கி.மீ. பரப்பு, உலகில் நான்காவது பெரிய ஏரி. அதில் விழுந்த ஆமு தார்யா, சிர் தார்யா ஆறுகளை சோவியத் அரசு பருத்திக்குத் திருப்பியது. காரகும் கால்வாய் ஆயிரம் கி.மீ.க்கு மேல் பாலைவன மணலில், பெரும்பாலும் தளமும் பக்கமும் பூசாமல் வெட்டப்பட்டது. வயலுக்குப் போனதைப் போலவே மணலுக்குள் போனதும் ஏராளம். 1987இல் ஏரி இரண்டாகப் பிரிந்தது. 2007க்குள் பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். மழை அங்கே திடீரென்று பொய்க்கவில்லை. வரவு முழுவதும் வழியிலேயே செலவானது.

இரண்டாவது அமெரிக்காவின் கொலராடோ ஆறு. 1922இல் மாநிலங்கள் உட்கார்ந்து பங்கு பிரித்தன: மேல்பகுதிக்கு 75 லட்சம் ஏக்கர் அடி (ஏக்கர் அடி என்பது ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் தண்ணீர்), கீழ்ப்பகுதிக்கு 75 லட்சம். 1944 ஒப்பந்தப்படி மெக்சிகோவுக்கு 15 லட்சம். நமக்குப் பழகிய அளவில் சொன்னால் 10 லட்சம் ஏக்கர் அடி என்பது 43.56 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி). மொத்தப் பங்கீடு ஏறத்தாழ 719 டிஎம்சி. அன்றைக்கு அளந்து பார்த்த ஆண்டுகள் வழக்கத்தைவிட ஈரமான ஆண்டுகள். 2000க்குப் பிறகு ஆற்றில் வருவது ஏறக்குறைய 540 டிஎம்சி. இல்லாத தண்ணீருக்குப் பட்டா எழுதியாகிவிட்டது, இப்போது ஆறு பெரும்பாலான ஆண்டுகளில் கடலைத் தொடுவதே இல்லை.

இரண்டிலும் வரவைக் கணக்குப் பார்க்காமல் செலவை நிர்ணயித்திருக்கிறார்கள். என் பார்வையில் உலகத்தின் பெரும்பாலான தண்ணீர்ப் பஞ்சத்துக்கு வேர் அதுதான். வறட்சி வந்து அதை வெளியே காட்டுகிறது, அவ்வளவே.

#3 · பாறைத்துளை

வைகைக்கரை ஐயா மேலே தெரிகிற தண்ணீரைச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத கணக்கு இன்னும் மோசம்.

உலகிலேயே அதிகமாக நிலத்தடி நீர் எடுக்கும் நாடு இந்தியா. ஆண்டுக்கு 250 கன கி.மீ. அளவு, உலக எடுப்பில் நான்கில் ஒரு பங்கு. ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா மூன்றிலும் சேர்த்து 2002 முதல் 2008 வரை 109 கன கி.மீ. நிலத்தடி நீர் குறைந்ததைச் செயற்கைக்கோள் எடையாகவே கண்டுபிடித்தது. நிலத்துக்குள் தண்ணீர் குறைந்தால் அந்த இடத்தின் ஈர்ப்பு இம்மியளவு குறையும், அதைத்தான் அளந்தார்கள். டிஎம்சியில் 3,800க்கு மேல். வைகை அணை முழுக் கொள்ளளவு 6 டிஎம்சி சொச்சம் என்பதை வைத்துக்கொண்டு பாருங்கள்.

நம் பக்கம் நிலை வேறு. பஞ்சாபில் அடியில் நூற்றுக்கணக்கான அடிக்கு வண்டல் மணல். மதுரை, மேலூர், உசிலம்பட்டி எல்லாம் கெட்டிப் பாறை. மேலே சில பத்து அடி மக்கிய பாறை, அதற்குக் கீழே பாறை வெடிப்பு. தண்ணீர் நிற்பது மக்கிய பாறையில்தான். வெடிப்பு வெறும் குழாய். 1,000 அடி போட்டாலும் கீழே தனியாக ஒரு கடல் காத்திருக்கவில்லை. பக்கத்துக் காட்டு மக்கிய பாறையில் இருந்த தண்ணீரை அந்த வெடிப்பு வழியாக நீங்கள் இழுக்கிறீர்கள். அதனால்தான் புது போர் போட்ட மறு மாதம் பக்கத்துக் கிணறு வற்றுகிறது.

கணக்கை ஒரு ஏக்கருக்குப் போடுவோம். மக்கிய பாறை தன் கன அளவில் 1 முதல் 3 சதவீதம்தான் தண்ணீர் விட்டுக்கொடுக்கும். 1.5 என்று வைத்தால், ஒரு ஏக்கருக்கு அடியில் நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கக் கிடைப்பது 60,000 லிட்டர். நிமிடத்துக்கு 150 லிட்டர் தரும் மோட்டார் அதை ஏழு மணி நேரத்துக்குள் காலி செய்துவிடும்.

வரவு? பாறை நிலத்தில் மழையில் ஏறக்குறைய 8 சதவீதம் கீழே இறங்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். 850 மி.மீ.யில் 68 மி.மீ. ஒரு ஏக்கருக்கு ஆண்டுக்கு 2.75 லட்சம் லிட்டர். ஒரு போக நெல்லுக்கு 1,250 மி.மீ. தண்ணீர் கட்டினால் ஏக்கருக்கு 50 லட்சம் லிட்டர் வேண்டும். வகுத்துப் பாருங்கள்: கிணற்றுத் தண்ணீரை மட்டும் நம்பி ஒரு ஏக்கர் நெல் போட்டால் பதினெட்டு ஏக்கர் நிலத்தில் ஊறிய மழையைக் குடித்திருக்கிறீர்கள். மழை இரண்டு மடங்கு பெய்தாலும் இது கட்டுப்படியாகாது.

சவுதி அரேபியா இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. பல்லாயிரம் ஆண்டுக்கு முன் ஊறிய தண்ணீரை ஆழத்தில் இருந்து எடுத்துப் பாலைவனத்தில் கோதுமை போட்டு, 1990களின் தொடக்கத்தில் ஏற்றுமதியும் செய்தது. மறுபடி ஊறாத தண்ணீர் அது. 2016இல் உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலையே நிறுத்தினார்கள்; பிறகு மறுபடி தொடங்கியதும் அளவோடுதான்.

#4 · மேலூர்வயல்

பாறைத்துளை தம்பி போட்ட கணக்கு சரிதான். ஆனா அதைப் படிச்சுட்டு "விவசாயிதான் தண்ணிய அழிக்கிறான்"னு யாரும் கெளம்பிடக் கூடாது. எந்தப் பயிருக்கு உறுதியான கொள்முதல் இருக்கோ அதைத்தான் போடுவாங்க. நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் இருக்கு. வரகுக்கும் குதிரைவாலிக்கும் வாசல்ல வந்து யாரு எடை போடுறா? பஞ்சாப்லயும் இதே கதைதான். கோதுமை விளைஞ்ச மண்ணுல நெல்லுக்கு விலை உறுதி சொல்லி, மின்சாரமும் இலவசமா குடுத்தா நாத்து நடாம என்ன செய்வாங்க? 2009ல அங்க ஒரு சட்டமே போட்டாங்க, ஜூன் 10க்கு முன்னாடி நடவு கூடாதுன்னு. கோடை வெயில்ல வயல்ல நிக்கிற தண்ணி ஆவியாப் போறதைக் குறைக்க.

நெல்லை விட முடியாதுங்கிறவங்களுக்கு நடைமுறையில முடியறது காய்ச்சலும் பாய்ச்சலும். வயல்ல எப்பவும் தண்ணி நிக்கணும்னு இல்லை. நெல்லு தண்ணிச் செடி கிடையாது, தண்ணியைத் தாங்குற செடி. களையை அமுக்கத்தான் தண்ணி கட்டுறோம்.

ஒரு அடி நீளத்துக்கு பிவிசி குழாய் எடுத்துக்கங்க, 4 இஞ்சுல இருந்து 6 இஞ்சு வரைக்கும் வாய் அகலம் இருக்கலாம். கீழ்ப்பாதியில சுத்தி வர 5 மி.மீ. துளை, துளைக்கும் துளைக்கும் ரெண்டு இஞ்சு இடைவெளி. துளை போட்ட பாதி முழுசும் சேத்துக்குள்ள போகணும், மேல்பாதி வெளியில நிக்கணும். உள்ள அடைஞ்ச சேத்தைக் கையால அள்ளி எடுத்துடுங்க, அடி தெரியணும். இதுலதான் பாதிப் பேர் தப்பு பண்றாங்க. சேறு உள்ளயே இருந்தா குழாய்க்குள்ள தண்ணி வயல் மட்டத்துக்கு வராது, வயல் காய்ஞ்சு கெடக்கறப்போ குழாய் ஈரமா காட்டும். தண்ணி கட்டுன உடனே குழாய்க்குள்ளயும் வெளியிலயும் ஒரே மட்டமான்னு ஒரு தடவை பாத்துக்கங்க. இல்லேன்னா துளை அடைச்சிருக்கு.

வரப்போரமா, நடந்து போய்ப் பாக்கற இடத்துல வைங்க. ஆனா மேட்டுலயும் வேணாம், பள்ளத்துலயும் வேணாம்; வயலோட நடுத்தர மட்டம் இருக்கற இடம். நட்டு ரெண்டு வாரம் கழிச்சு ஆரம்பிக்கணும், களை ஜாஸ்தியா இருந்தா இன்னும் ஒரு வாரம் தள்ளுங்க. குழாய்க்குள்ள தண்ணி மண்மட்டத்துக்குக் கீழ அரை அடி இறங்குனதும் ரெண்டு இஞ்சு தண்ணி கட்டுங்க. மறுபடி இறங்க விடுங்க. பூக்குறதுக்கு ஒரு வாரம் முன்னாடில இருந்து பூத்து ஒரு வாரம் வரைக்கும் மட்டும் காயவே விடக் கூடாது, அப்ப காய்ஞ்சா பதராப் போயிடும். மத்தபடி விளைச்சல் குறையாம 15ல இருந்து 30 சதவீதம் வரைக்கும் தண்ணி மிச்சமாகும்.

கரிசல்ல மட்டும் அரை அடி வரைக்கும் காத்திருக்காதீங்க. பாளமா வெடிச்சிட்டா அடுத்த தண்ணி வெடிப்பு வழியா நேரா கீழ போயிடும், மிச்சம் பிடிச்சதெல்லாம் அதுலயே போச்சு.

#5 · கீழமாசிவீதி

அண்ணே, குழாய் விஷயம் இவ்வளவு விவரமாக எங்கும் படித்ததில்லை. நன்றி.

ஒரு சந்தேகம். பாசனத்துக்கு 70 சதவீதம், வீட்டுக்கு 10 சதவீதம் சொச்சம்தான் என்றால், நகரங்கள் ஏன் காய்கின்றன? 2018இல் கேப் டவுன், 2019இல் சென்னை. பக்கத்திலேயே கடல். கடல்நீரைக் குடிநீராக்கினால் தீர்ந்ததா?

#6 · வைகைக்கரை

முதல் கேள்விக்கு முதலில். மதுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். தேனி மாவட்ட லோயர் கேம்ப்பில் இருந்து குழாய் வழியாக நகரத்துக்குக் கொண்டுவரத் திட்டமிட்ட அளவு நாளைக்கு 12.5 கோடி லிட்டர். ஒரு டிஎம்சி என்பது 2,831 கோடி லிட்டர். அதாவது அந்தத் திட்டத்துக்கு ஒரு டிஎம்சி ஏழரை மாதம் வரும். அதே ஒரு டிஎம்சி நெல்லுக்கு என்றால் 5,600 ஏக்கருக்கு ஒரு போகம். பெரியாறு பிரதானக் கால்வாயில் இருபோகப் பரப்பு மட்டும் 45,041 ஏக்கர். ஆக நகரத்தின் தேவை அளவில் சிறியது. ஆனால் நகரத்துக்கு ஒரு நாள்கூட இடைவெளி கூடாது. வயல் முறைப்பாசனத்தில் ஒரு வாரம் காத்திருக்கும், குழாயடி காத்திருக்காது. நகரப் பஞ்சம் அளவால் வருவதில்லை, ஒரே வகை மூலத்தை நம்பியிருப்பதால் வருகிறது.

கேப் டவுன் மழையை நம்பிய ஆறு பெரிய அணைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. 2015, 16, 17 மூன்று ஆண்டும் தொடர்ந்து மழை தப்பியது. நிலத்தடி நீர், கழிவுநீர் மறுசுழற்சி எதுவும் பெரிதாகக் கையில் இல்லை. 2018 பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்தினார்கள். நகரத்தின் நாள் செலவு 2015இல் இருந்த 120 கோடி லிட்டரில் இருந்து ஏறக்குறைய 50 கோடிக்கு இறங்கியது. பயிர்களுக்கான ஒதுக்கீட்டையும் வெட்டி, அந்த ஆண்டு மழையும் வந்து, குழாய்களை மூடும் நாளைத் தள்ளிப்போட்டார்கள். சென்னையும் அப்படியே: பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் பெரும்பாலும் ஒரே வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஒன்று காய்ந்தால் நான்கும் காயும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

மெக்சிகோ நகரம் இன்னொரு பாடம். ஏரிப் படுகையின் மேலே கட்டிய ஊர். அடியில் இருந்து உறிஞ்ச உறிஞ்சக் களிமண் அமுங்கி, சில இடங்கள் ஆண்டுக்கு அரை மீட்டர் வரை இறங்குகின்றன. நிலம் இறங்கினால் குழாய் இணைப்புகள் பிய்யும். ஓடும் தண்ணீரில் 40 சதவீதம் அளவு கசிவிலேயே போகிறது. கசிவை ஈடுகட்ட இன்னும் உறிஞ்ச, நிலம் இன்னும் இறங்குகிறது. வெளியில் இருந்து கொண்டுவரும் தண்ணீரை 1,000 மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கிறது.

கடல்நீர். செய்யலாம், செய்கிறார்கள். சென்னைக்காக மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் ஆலை கட்டினார்கள். இஸ்ரேலின் குடிநீரில் பெரும்பங்கு கடலில் இருந்துதான். ஆனால் ஒரு கன மீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆலைக்குள்ளேயே செலவாகும். மதுரைக்குக் கொண்டுவர 100 மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டும்; 70 சதவீதத் திறனுள்ள பம்ப்பில் அதற்கு மட்டும் ஏறக்குறைய 0.4 யூனிட், குழாய் உராய்வு தனி. குடிப்பதற்குக் கட்டுப்படியாகும். ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரியாக 2,500 லிட்டர் என்கிறார்கள். அதற்கு 8, 10 யூனிட் மின்சாரம் போட்டு யார் சோறு பொங்க முடியும்? கடல்நீர் ஆலை நகரத்துக்கு ஒரு காப்பு. 70 சதவீதம் போகிற இடத்தை அது தொடாது.

#7 · கலிங்கு

மேலே எல்லோரும் செலவைப் பேசினீர்கள். இருப்பு வைக்கும் பெட்டியை நாமே உடைத்ததையும் பேச வேண்டும்.

கண்மாய் தூர்வாருவது என்றதும் மண்ணை அள்ளினால் போதும் என்று நினைக்கிறார்கள். 100 ஏக்கர் கண்மாய், மடை அருகே ஆழம் 2.5 மீட்டர் என்றால் கொள்ளளவு தோராயமாகப் பரப்பு பெருக்கல் ஆழம் பெருக்கல் 0.4, அதாவது 4 லட்சம் கன மீட்டர். சராசரியாக ஓர் அடி மண் மேவியிருந்தால் 1.2 லட்சம் கன மீட்டர் போய்விட்டது. அதை அள்ள இரண்டு யூனிட் (200 கன அடி) டிப்பரில் 21,000 நடைக்கு மேல் ஆகும். எந்த ஊரும் ஒரு கோடையில் இதைச் செய்து முடிக்காது. ஆனால் கண்மாய் நிறையாததற்கு மேவல் முதல் காரணமே இல்லை. பெரும்பாலும் தண்ணீர் வந்து சேர்வதே இல்லை.

ஆகவே வேலையை வரத்துக்கால்வாயில் தொடங்குங்கள். மேல் கண்மாயின் கலிங்கில் (மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் இடம்) இருந்து நம் கண்மாய் வாய் வரை நடந்தே போங்கள். வழியில் ரோடு போட்டவர்கள் வைத்த பாலக்குழாயின் அடிமட்டம் கால்வாய்த் தரையைவிட உயரமாக இருக்கிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். அரை அடி உயர்ந்திருந்தாலே சிறு மழைத் தண்ணீர் தாண்டாது, பெருமழைக்கு மட்டும்தான் வரும். இந்த ஒரு தவறு மட்டும் எத்தனையோ கண்மாய்களைக் காய வைத்திருக்கிறது. சீமைக்கருவேலத்தை மேலோடு வெட்டினால் அடுத்த ஆண்டு புதராகத் தழையும். வேரோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும். வைகாசி, ஆனியில் முடித்துவிடுங்கள்.

கண்மாயின் உள்வாயில் (தண்ணீர் தேங்கும் பரப்பில்) மண் எடுக்கும்போது இரண்டு கட்டுப்பாடு. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது, அங்கேயே கிடக்கும். ஊறலுக்கு ஆகும் என்று சொல்லலாம். ஆனால் அடியில் உள்ள களி அடுக்கைக் கிழித்துவிட்டால் கண்மாய் நிற்காது. கரையடியை ஒட்டியும் தோண்டாதீர்கள், கரை நழுவும். முன்பு ஊருக்கு ஒரு நீர்க்கட்டி இருந்து மடை திறப்பதையும் பங்கு விடுவதையும் பார்த்துக்கொண்டார். குடிமராமத்து, அதாவது ஊரார் சேர்ந்து கண்மாயைப் பராமரிப்பது, வெறும் மண் வேலை அல்ல, இந்த ஒழுங்கும் சேர்த்துத்தான்.

ஆற்று மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு ஹெக்டேர் ஆற்றுப் படுகையில் ஒரு மீட்டர் மணல் இருந்தால் அது 20 லட்சம் லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கொடுக்கும், ஆவியாகவும் விடாது. அந்த மணலை லாரியில் ஏற்றினால் ஏற்றியது மணல் மட்டும் இல்லை.

#8 · மழைத்தொட்டி

வீட்டளவில் செய்வதற்கு நான் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானது. குழாய் எல்லா வீட்டிலும் இருக்கிறது, வேலை செய்வது குறைவு. காரணம் மூன்று இடத்தில்தான் இருக்கும்.

1,000 சதுர அடி மாடியில் 1 மி.மீ. மழைக்கு 93 லிட்டர். ஆண்டுக்கு 850 மி.மீ., ஐந்தில் ஒரு பங்கு வீண் போனாலும் 63,000 லிட்டர். நாளைக்கு 400 லிட்டர் செலவு உள்ள வீட்டுக்கு ஐந்து மாதத் தண்ணீர்.

முதல் தவறு, முதல் மழையைக் கழிக்கும் குழாய். தூசி, பறவை எச்சம் எல்லாம் முதல் 1 மி.மீ.யில் அடித்து வரும், அதாவது 93 லிட்டர் வெளியே போக வேண்டும். கடையில் மாட்டித் தருவது மூன்றடி நீளம் 4 இஞ்சு குழாய். அதில் 8 லிட்டர்கூட நிற்காது. 100 லிட்டர் பீப்பாய் ஒன்றைப் பக்கத்தில் வைத்து முதலில் அது நிறையும்படி இணைப்புக் கொடுங்கள். அடியில் சின்னக் குழாய் ஒன்று திறந்தபடி இருக்கட்டும், மழை விட்டதும் தானாக வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகும்.

இரண்டாவது, வடிகட்டி. அடியில் பெருஜல்லி, நடுவில் சிறுஜல்லி, மேலே ஆற்று மணல் அல்லது சலித்துக் கழுவிய எம்-சாண்ட். மணலுக்குக் கீழே நைலான் வலை விரிக்காவிட்டால் ஒரே பருவத்தில் மணல் முழுக்க ஜல்லிக்குள் இறங்கிவிடும். கழுவாத எம்-சாண்ட் போட்டால் அதன் தூளே அடைத்துக்கொள்ளும். ஆடியில் ஒருமுறை மேல் நான்கு இஞ்சு மணலை எடுத்துக் கழுவிப் போடுங்கள்.

மூன்றாவது, ஊறல் குழி வெட்டுமிடம். வெட்டுவதற்கு முன் ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் மறுபடி நிரப்பி ஓர் அளவுகோல் செருகி ஒரு மணி நேரம் பாருங்கள். விரற்கடை அளவுகூட இறங்கவில்லை என்றால் அங்கே குழி வெட்டுவது வீண், தொட்டியில் பிடியுங்கள். செப்டிக் டேங்கில் இருந்து ஐம்பதடியாவது தள்ளியிருக்கட்டும். தெருத் தண்ணீரை மட்டும் போர்வெல்லுக்குள் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். பெட்ரோலும் சாக்கடையும் உள்ளே போனால் திரும்ப எடுக்க முடியாது.

#9 · பாறைத்துளை

அக்கா கடைசியாகச் சொன்னதை நானும் அழுத்திச் சொல்கிறேன். தண்ணீர் இருந்தும் இல்லாத ஊர்கள் உலகில் ஏராளம். நொய்யலில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குத்தான் கட்டப்பட்டது. சாயக் கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வங்கதேசத்தில் குளத்து நீரால் வந்த நோய்களைத் தடுக்க 1970களில் இருந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறு போட்டார்கள். நல்ல எண்ணம்தான். அடியில் இயற்கையாகவே ஆர்செனிக் இருந்தது, வருடக்கணக்கில் குடித்த பிறகே தெரிந்தது. நம் பக்கத்துப் பாறையிலும் சில இடங்களில் ஃபுளோரைடு உண்டு. அதிகபட்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மி.கி. சுவையில் தெரியாது, காய்ச்சினால் போகாது, இன்னும் செறிவுதான் ஆகும். போர் எந்த ஆழத்துக்குப் போனாலும் ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

#10 · மேலூர்வயல்

காங்கோவையும் சேத்துக்கங்க. ஆறும் மழையும் அவ்வளவு இருக்கற நாடு, ஆனா நிறைய வீட்டுக்குக் குழாய் வரலை, சுத்தம் பண்ற ஆலையும் பத்தாது. அங்க பஞ்சம் பணத்துக்குத்தான். 2022 கணக்குப்படி பாதுகாப்பான குடிநீர் வீட்டுல கிடைக்காதவங்க உலகத்துல 220 கோடிப் பேர். அத்தனை பேரும் வறண்ட ஊர்ல இல்லை.

#11 · கீழமாசிவீதி

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று ஊருக்கு ஊர் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்தான் வந்து நிற்கிறது. அணையின் மட்டம் பேப்பரில் தினமும் வருகிறது. கிணற்று மட்டம் யாருக்கும் தெரியாது. ஒரு கிராமத்தில் நாமே தொடங்குவதானால் எப்படி?

#12 · பாறைத்துளை

நாலைந்து கிணறு போதும். கண்மாய்க்குக் கீழே ஒன்று, மேட்டில் ஒன்று, ஊருக்குள் ஒன்று, கண்மாய்த் தண்ணீரே எட்டாத மானாவாரிப் பக்கம் ஒன்று. திறந்த கிணறாக இருந்தால் நல்லது. ஆண்டுக்கு இரண்டு முறை கட்டாயம்: மே மாதம் மழைக்கு முன், ஜனவரியில் மழைக்குப் பின். மாதாமாதம் முடிந்தால் இன்னும் நல்லது. மே, ஜனவரி மட்டம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஆண்டு வரவு. இந்த மே மட்டத்துக்கும் அடுத்த மே மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் நீங்கள் கடனில் இருக்கிறீர்களா என்று சொல்லும்.

இரும்பு டேப்பின் கடைசி ஒரு மீட்டரில் சாக்பீஸ் தேய்த்து இறக்குங்கள். மேலே விளிம்பில் ஒரு முழு எண் வரும்வரை விட்டு, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு தூக்குங்கள். சாக்பீஸ் நனைந்த கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதைக் கழித்தால் ஆழம். தண்ணீரை எட்டிப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. அரை சென்டிமீட்டர் வரை சரியாக வரும். போர்வெல் என்றால் கேபிளில் டேப் சிக்கும். மோட்டார் இறக்கும்போதே பக்கத்தில் முக்கால் இஞ்சுக் குழாய் ஒன்றை அளவுக்காக இறக்கிவிடுங்கள், அதற்குள் டேப் போகும்.

#13 · கீழமாசிவீதி

கிணற்றுக்கு இரண்டடிச் சுவர் இருந்தால் அதைக் கழிக்க வேண்டுமா?

#14 · பாறைத்துளை

ஆமாம், தரைமட்டத்தில் இருந்துதான் எழுத வேண்டும். சுவரில் ஒரே இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டு, எப்போதும் அங்கே வைத்தே அளங்கள். இன்னொன்று, முந்தின இரவு முழுக்க மோட்டார் ஓடியிருக்கக் கூடாது, பக்கத்துக் கிணற்றிலும்தான். விடிகாலையில் போய் அளந்துவிடுங்கள்.

#15 · மேலூர்வயல்

பக்கத்துக் கெணத்துக்காரர்கிட்ட முந்தின நாளே சொல்லிருங்க தம்பி. ராத்திரில மும்முனை மின்சாரம் வர்ற நேரம் எங்க பக்கம் மாறி மாறி வரும். ஆட்டோ ஸ்டார்ட்டரை ஆஃப் பண்ணலேன்னா அவருக்கே தெரியாம மோட்டார் ஓடிட்டு இருக்கும், உங்க அளவு ரெண்டு மூணு அடி தப்பாப் போயிடும்.